உதிரச் சொல்வது யார்?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தோலைப் பற்றிய ஒரு பதிலின் நடுவே, 'பழுதான செல் தானே தற்கொலை செய்துகொள்ளும்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல். அதனால் வேறு எதையும் எடுக்காமல், செல் சாவதைப் பற்றியும் அதை முடிவு செய்கிற புரதங்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கே இந்தப் பகுதி முழுவதையும் கொடுத்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

செல் தற்கொலை செய்துகொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருவரை இழந்திருக்கிறோம். உடம்புக்கு நல்லது செய்கிற ஒரு காரியத்துக்கு அந்தச் சொல் வேண்டுமா?
– ஒரு வாசகி

வேண்டாம். நீங்கள் சொல்வது சரி, எழுதும்போதே நான் யோசித்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் ரொம்ப காலமாகப் புழங்குகிற சொல் என்பதால் கை தானாக எழுதிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது உண்மைக்கும் பொருந்தவில்லை. செல்லுக்கு வேதனையும் இல்லை, விரக்தியும் இல்லை. மற்ற செல்களோடு சேர்ந்து வாழ்வதற்கான ஏற்பாட்டில் அதுவும் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

1972-ல் இந்த வகை இறப்புக்குப் பெயர் வைத்த ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. அபர்டீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் கார்மக் என்ற பேராசிரியரிடம் கேட்டு 'அப்போப்டோசிஸ்' என்று வைத்தார்கள். மரத்திலிருந்து இலையோ பூவிதழோ உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. நம்மிடம் அதைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களை அடுக்குவோமே, அதில் வீ என்பது உதிர்கிற பூ, வீதல் என்றாலோ இறத்தல். பூ உதிர்வதற்கும் உயிர் போவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் எழுதிக்கொண்டு, 'தற்கொலை' என்று எழுதியது எனக்கே வருத்தமாக இருக்கிறது. இனி இந்தப் பகுதியில் 'செல் உதிர்வு' என்றுதான் எழுதப்போகிறேன்.

அடிபட்டுச் சாவதும் இப்படிச் சாவதும் வேறு வேறா? செத்தால் செத்ததுதானே? தினமும் எத்தனை செல்கள் சாகின்றன, அந்தப் பிணங்கள் எல்லாம் எங்கே போகின்றன?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

செல்லுக்கு எப்படியோ, பக்கத்தில் இருக்கிற செல்களுக்கு அது வேறு வேறுதான். தீக்காயம் பட்டோ ரத்தம் போகாமலோ சாகிற செல் ஊதிப் பெருத்து வெடிக்கும். உள்ளே இருந்த நொதிகளும் மற்றதும் வெளியே கொட்டும், பாதுகாப்புச் செல்கள் ஓடிவரும், அந்த இடம் வீங்கிச் சிவக்கும். உதிர்கிற செல் அப்படியில்லை. முதலில் சுருங்குகிறது, அப்புறம் உள்ளே டிஎன்ஏ ஒழுங்கான அளவுத் துண்டுகளாக வெட்டப்படுகிறது, கடைசியில் செல்லே சவ்வால் மூடிய சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துவிடுகிறது. உள்ளே இருக்கிற ஒன்றும் சிந்துவதில்லை.

பிணம் எங்கே போகிறது என்பதற்கு விடை அந்தப் பொட்டலத்தின் மேலேயே இருக்கிறது. பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்று ஒரு கொழுப்பு மூலக்கூறு, நல்ல செல்லில் சவ்வின் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கும்படி பார்த்துக்கொள்ளப்படும். உதிரத் தொடங்கிய செல் அதை வெளிப்பக்கத்துக்குத் திருப்பிவிடும். அதைக் கண்டதும் மேக்ரோஃபேஜ் போன்ற துப்புரவுச் செல்கள் வந்து விழுங்கிவிடுகின்றன, சில நேரம் பக்கத்துச் செல்லே விழுங்கிவிடும். இந்தத் துப்புரவு அவ்வளவு சீக்கிரம் நடப்பதால்தான் இவ்வளவு செல்கள் சாவது வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, வளர்ந்த ஒருவர் உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் போய்ப் புதிதாக வருகின்றன என்று ஒரு கணக்கு இருக்கிறது. எடையாகச் சொன்னால் ஏறக்குறைய 80 கிராம். பெரும்பாலும் ரத்தச் செல்களும் குடலின் உள்பூச்சுச் செல்களும்தான். இதில் எல்லாமே செல் உதிர்வு முறையில் போவதில்லை, சிவப்பணுவுக்கு வேறு வழி இருக்கிறது. கருவில் நடக்கும் உதிர்வைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் கை துடுப்பு மாதிரிதான் உருவாகிறது, விரல்களுக்கு நடுவே இருக்கிற செல்கள் உதிர்ந்த பிறகே ஐந்து விரலும் பிரிகின்றன. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் போவதும் இப்படித்தான்.

பாடத்தில் பிசிஎல்-2, பாக்ஸ், பாக், பிம், பூமா, காஸ்பேஸ் என்று பெயர்களாக வருகின்றன. மனப்பாடம் செய்கிறேன், மறுநாள் மறந்துவிடுகிறது. கதை மாதிரிச் சொல்ல முடியுமா, சார்?
– உயிரியல் படிக்கும் கல்லூரி மாணவர்

தம்பி, பெயர்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். கரை எங்கே இருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள்.

செல்லுக்குச் சக்தி கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். அந்த இரண்டுக்கும் நடுவே சைட்டோகுரோம் சி என்ற புரதம் இருக்கிறது. அதன் அன்றாட வேலை எலக்ட்ரானைக் கைமாற்றி விடுவது, அதாவது மூச்சுக்கு உதவுவது. அது உள்ளே இருக்கிற வரைக்கும் செல் உயிரோடு இருக்கிறது. வெளிச்சவ்வு ஓட்டையாகி அது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் உட்திரவத்துக்குக் கசிந்துவிட்டால், அதே புரதம் சாவுக்கான மணியாகிவிடுகிறது. 1996-ல் சியாவோடாங் வாங் என்பவரின் ஆய்வுக்குழு இதைக் கண்டுபிடித்தபோது பலருக்கு நம்பவே முடியவில்லை, ஏனென்றால் சைட்டோகுரோம் சி-யை மூச்சுப் புரதமாகவே பல ஆண்டுகளாகப் பாடத்தில் படித்தவர்கள் அவர்கள்.

ஆக, கரை என்பது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு. இனிமேல் பெயர்கள் தானாக வரும். கரையை உடைக்கிறவர்கள் இரண்டு பேர், பாக்ஸும் பாக்கும். இவை பல ஒன்றுசேர்ந்து சவ்வில் ஓட்டை போடும். அவற்றைச் சேரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறவர்கள் பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 என்று ஒரு கூட்டம். மூன்றாவது கூட்டம் சேதி கொண்டுவருகிறவர்கள். செல்லுக்கு எங்கே எந்தக் கோளாறு நடந்தாலும் அந்தச் சேதியை இவர்கள்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். டிஎன்ஏ பழுதானால் பூமாவும் நாக்ஸாவும் வரும், வளர்ச்சிக்கான சமிக்ஞை நின்றுபோனால் பிம் வரும். வந்து என்ன செய்வார்கள் என்றால், பிடித்து வைத்திருக்கிற கைகளில் போய் மாட்டிக்கொண்டு அந்தக் கைகளை நிரப்பிவிடுவார்கள், சிலர் பாக்ஸையும் பாக்கையும் நேராகவே தூண்டிவிடுவார்கள். கைகள் போதாமல் போனால் கரை உடையும்.

வேடிக்கை என்னவென்றால் மூன்று கூட்டமும் ஒரே குடும்பம், சொந்தக்காரப் புரதங்கள். பிசிஎல்-2-வின் மேல்பரப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, சேதிக்காரர்களிடம் அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் பிஎச்3 என்ற சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளத்தை மறந்துவிடாதீர்கள், மருந்தைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருவேன்.

கரை உடைந்ததும் வெளியே வந்த சைட்டோகுரோம் சி, ஆபாஃப்-1 என்ற புரதத்தோடு சேரும். ஏழு ஆபாஃப்-1 சேர்ந்து ஒரு சக்கரம் மாதிரி உருவாகும். அந்தச் சக்கரத்தில் காஸ்பேஸ்-9 விழித்துக்கொண்டு காஸ்பேஸ்-3, காஸ்பேஸ்-7 இரண்டையும் எழுப்பிவிடும். காஸ்பேஸ் என்பது புரதங்களை வெட்டுகிற நொதி, கண்ட இடத்தில் வெட்டாது, அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கிற இடத்துக்கு அடுத்துத்தான் வெட்டும். இவை எப்போதும் செல்லுக்குள் உறையிட்ட கத்தியாக இருந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகச் செய்து கொண்டுவர வேண்டியதே இல்லை. எக்ஸ்ஐஏபி என்ற புரதம் அந்தக் கத்தியின் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும். கரை உடையும்போது சைட்டோகுரோம் சி-யோடு சேர்ந்து ஸ்மேக் என்று இன்னொன்றும் வெளியே வரும், அது வந்து எக்ஸ்ஐஏபி-யின் கையை எடுத்துவிடும். அப்புறம் நூற்றுக்கணக்கான புரதங்கள் வெட்டுப்படும். டிஎன்ஏ-வை வெட்டும் நொதி கூட ஒரு பூட்டுப் புரதத்தோடு கட்டப்பட்டுத்தான் இருக்கிறது, காஸ்பேஸ் அந்தப் பூட்டை வெட்டியதும்தான் அது வேலையைத் தொடங்கும்.

இதுதவிர வெளியிலிருந்து வரும் வழி ஒன்று உண்டு. செல்லின் மேலே ஃபாஸ் என்ற ஏற்பி இருக்கிறது, பக்கத்துச் செல் வந்து அதைத் தொட்டால் காஸ்பேஸ்-8 எழும், அது காஸ்பேஸ்-3-ஐ நேராக எழுப்பலாம், இல்லை பிட் என்ற சேதிக்காரரை வெட்டி மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பலாம். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். செல் இயல்பாக வாழும், ஏதாவது வந்தால் சாகும் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். இந்தப் புரதங்களைப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. கத்தி தயார், கரை உடைப்பவர்கள் தயார், ஒவ்வொரு நிமிடமும் யாரோ பிடித்து வைத்திருப்பதால்தான் செல் இருக்கிறது. மார்ட்டின் ராஃப் என்ற உயிரியலாளர் 1990-களின் தொடக்கத்தில் இதை எடுத்துச் சொன்னார், மற்ற செல்களிடமிருந்து 'இரு' என்ற சமிக்ஞை வந்துகொண்டே இருக்க வேண்டும், வராத செல் உதிர்ந்துவிடும் என்று. கருவில் நரம்பு மண்டலத்தின் பல பகுதிகளில் உருவாகும் நரம்புச் செல்களில் பாதி அளவு வரை உதிர்வதும் இதனால்தான், போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து அந்தச் சமிக்ஞை போதுமான அளவு கிடைக்காதவை நிற்பதில்லை.

இதையெல்லாம் முதலில் ஒரு புழுவில்தான் கண்டுபிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன், நிஜமா?
– ஒரு வாசகர்

நிஜம். சி. எலிகன்ஸ் என்று ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற புழு. ஜான் சல்ஸ்டன் நுண்நோக்கியில் கண்ணை வைத்தபடி ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து வந்தது, எங்கே போனது என்று பின்தொடர்ந்தார். உருவாகிற 1,090 உடல் செல்களில் 131 செல்கள், ஒவ்வொரு புழுவிலும் அதே 131 செல்கள், குறித்த நேரத்தில் சாகின்றன, 959 மிஞ்சுகின்றன. அதுவரை விபத்து மாதிரித் தெரிந்தது திட்டம் என்று அந்த எண் காட்டிவிட்டது. ராபர்ட் ஹார்விட்ஸ் இந்தச் சாவு நடக்காத புழுக்களைத் தேடிப் பிடித்து செட்-3, செட்-4, செட்-9 என்ற மரபணுக்களைக் கண்டுபிடித்தார். செட்-3 நம் காஸ்பேஸ் மாதிரி, செட்-4 ஆபாஃப்-1 மாதிரி, செட்-9 பிசிஎல்-2 மாதிரி. இந்த இருவருக்கும், அந்தப் புழுவை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 1992-ல் வெளியான சோதனை. மனிதனின் பிசிஎல்-2 மரபணுவைப் புழுவுக்குள் வைத்தார்கள். சாக வேண்டிய சில செல்கள் சாகவில்லை. அந்தப் புழுவின் வழியும் நம் வழியும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் அதே பேச்சு அங்கே புரிகிறது.

என் அப்பாவுக்கு நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். வெனடோகிளாக்ஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் மிகச் சின்ன அளவு, பிறகு வாராவாரம் கூட்டுகிறார்கள், ஓயாமல் ரத்தப் பரிசோதனை. நல்ல மருந்து என்றால் முழு அளவை முதலிலேயே கொடுக்க வேண்டியதுதானே? அப்பா பயப்படுகிறார்.
– ஒரு மகள்

அம்மா, உங்கள் அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: சின்ன அளவில் தொடங்குவது மருந்து பலவீனமானது என்பதால் இல்லை, அது மிக வேகமாக வேலை செய்யும் என்பதால்.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். 1980-களின் நடுவில், ஃபாலிகுலர் லிம்போமா என்ற புற்றுநோயில் 14-வது குரோமோசோமின் ஒரு பகுதியும் 18-வதின் ஒரு பகுதியும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருப்பதை ஆராய்ந்தபோது, அந்த ஒட்டில் அகப்பட்ட மரபணுதான் பிசிஎல்-2. புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருக்கும் என்றே அன்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 1988-ல் மெல்பர்னின் வால்ட்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ், சுசான் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் அந்த மரபணுவைச் செல்களுக்குள் வைத்துப் பார்த்தார்கள். செல்கள் பெருகவில்லை. ஆனால் வளர்ச்சிக்கான சமிக்ஞையை நிறுத்தியபோதும் அவை சாகவில்லை. சாகாமல் இருப்பதே புற்றுநோய்க்கு ஒரு வழி என்று அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் அப்பாவின் நோயிலும் அந்தச் செல்கள் பிசிஎல்-2-வை நிறைய வைத்துக்கொண்டு உதிராமல் நிற்கின்றன. உண்மையில் அவை சாவின் விளிம்பில் இருக்கிற செல்கள். சேதிக்காரப் புரதங்கள் ஏற்கெனவே நிறைய வந்து பிசிஎல்-2-வின் பிடியில் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. வெனடோகிளாக்ஸ் என்ன செய்கிறது என்றால், மேலே மாணவருக்குச் சொன்ன அந்தப் பள்ளத்தில், பிஎச்3 துண்டு உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடி விட்டுப்போகிறது, மாட்டிக்கிடந்தவை எல்லாம் விடுபட்டு ஓடுகின்றன, கரை உடைகிறது. அமெரிக்காவில் 2016-ல் இந்த நோய்க்கு முதலில் அனுமதி கிடைத்தது, ஆக, அந்த மரபணு தெரிந்து ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உதிர்கிற செல் உள்ளே இருப்பதைச் சிந்தாது என்று மேலே சொன்னேன், ஆனால் எண்ணிக்கையில் அத்தனை புற்றுச் செல்களும் ஒரே நாளில் சிதைந்தால் துப்புரவு ஈடுகொடுக்காது, அவற்றுக்குள் இருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும், டிஎன்ஏ சிதைவதால் வரும் யூரிக் அமிலமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்துவிடும். சிறுநீரகம் திணறும், இதயத் துடிப்பு கூடத் தடுமாறலாம். ஆரம்ப காலச் சோதனைகளில் இதனால் உயிரிழப்பே நடந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இந்த நோய்க்கு 20 மில்லிகிராமில் தொடங்கி வாரம் ஒரு படியாக 50, 100, 200, பிறகு 400 என்று ஏற்றும் முறை வந்தது. அடிக்கடி ரத்தம் எடுப்பதும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் அதற்காகவே. அப்புறம் ஒன்று, பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். வேறு எந்த மாத்திரையையும் அப்பாவின் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள், சாதாரண மாத்திரை என்று தோன்றினாலும் கேளுங்கள்.

இதற்கு முன்னோடியாக நாவிடோகிளாக்ஸ் என்று ஒரு மருந்து வந்தது. அது பிசிஎல்-2-வோடு பிசிஎல்-எக்ஸ்எல்-லையும் சேர்த்து அடைத்தது, ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) சரசரவென்று குறைந்துவிட்டன. காரணம் அழகானது. ரத்தத் தட்டுக்கு உட்கரு கிடையாது, பிறக்கும்போது கொண்டுவந்த பிசிஎல்-எக்ஸ்எல் நாளாக நாளாகக் கரைந்துகொண்டே வரும், பாக்கைப் பிடிக்க ஆள் இல்லாத அன்று தட்டு உதிரும். அதன் பத்து நாள் ஆயுளுக்குக் கடிகாரமே அந்தப் புரதம்தான். பிசிஎல்-எக்ஸ்எல்-லைத் தொடாமல் பிசிஎல்-2-வை மட்டும் அடைக்கிற மாதிரி மூலக்கூறை மாற்றி அமைத்ததுதான் உங்கள் அப்பா சாப்பிடும் மருந்து. அவர் நலம் பெறட்டும்.

யானைக்குப் புற்றுநோய் வருவதே குறைவாமே?
– பள்ளி மாணவி ஒருவர்

ஆமாம், அந்தப் பெரிய உடம்புக்கும் நீண்ட ஆயுளுக்கும் எதிர்பார்க்கக் கூடியதைவிடக் குறைவுதான். பி53 என்று ஒரு புரதம் இருக்கிறது, 1979-ல் கண்டுபிடித்தது. டிஎன்ஏ பழுதானால் அது செல்லை நிறுத்திச் சரிசெய்ய நேரம் கொடுக்கும், பழுது மிஞ்சிப்போனால் பூமாவையும் நாக்ஸாவையும் உண்டாக்கி உதிர்வுக்கு வழி செய்யும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது. நமக்கு அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று இரண்டு பிரதிதான். ஆப்பிரிக்க யானைக்கு இந்த மரபணு இருபது இடங்களில், அதாவது நாற்பது பிரதி இருப்பதாக 2015-ல் சொன்னார்கள், அவற்றில் பலவும் முழுமையில்லாத பிரதிகள்தான். யானைச் செல்லின் டிஎன்ஏ-வைச் சிதைத்துப் பார்த்தபோது, அது நம் செல்லைவிடச் சுலபமாக உதிர்ந்தது. பழுதைச் சுமந்துகொண்டு இழுத்தடிப்பதில்லை.

ஒரு விளம்பரம் பார்த்தேன். 'புற்றுநோய்ச் செல்களில் அப்போப்டோசிஸை உண்டாக்குவது ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று ஒரு பொடிக்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
– பலர்

வாங்காதீர்கள். ஆய்வகத் தட்டில் கிடக்கிற செல்களின் மேல் எதைப் போதுமான அளவு ஊற்றினாலும் அவை சாகும், உப்பை ஊற்றினாலும் சாகும், காஸ்பேஸ் எழுவதும் தெரியும். அதைச் செய்துகாட்டுவது கஷ்டமே இல்லை. கஷ்டமான கேள்விகள் வேறு: வயிற்றுக்குள் போனபின் அது ரத்தத்தில் அந்த அளவுக்குச் சேருமா, புற்றுச் செல்லைக் கொல்கிற அளவில் மற்ற செல்களை விட்டுவைக்குமா, மனிதர்களிடம் சோதித்து ஆயுள் நீண்டதா? நாவிடோகிளாக்ஸ் கதையைப் பாருங்கள், ஒரே ஒரு சொந்தக்காரப் புரதத்தைக் கூடுதலாகத் தொட்டதற்கே ரத்தத் தட்டுகள் விழுந்தன. இவ்வளவு நுணுக்கமான இடத்தில் ஒரு பொடி போய்ச் சரியாக வேலை செய்யும் என்று சொல்கிறவர்கள், சிகிச்சையைத் தள்ளிப்போட வைத்து ஒரு குடும்பத்தின் காலத்தைத் திருடுகிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

செல் சாவதைத் தடுத்துவிட்டால் முதுமையையே தள்ளிப்போடலாம் அல்லவா?
– பொறியாளர் ஒருவர்

நடப்பது ஏறக்குறைய எதிர்மாறாக இருக்கிறது. வயதாக ஆக உடம்பில் சேர்கிற, இனி இரண்டாகப் பிரிந்து பெருகாத, ஆனால் சாகவும் மாட்டாத செல்கள் சுற்றிலும் அழற்சியைக் கிளப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவும் நிற்பதே பிசிஎல்-எக்ஸ்எல் போன்ற புரதங்களின் தயவில்தான். எலிகளில் அந்தப் புரதங்களை அடைத்து அந்தச் செல்களை உதிரவைத்தபோது சில திசுக்கள் தெம்பு பெற்றன. ஃபாஸ் மரபணுவில் பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, வேலை முடிந்த நோய் எதிர்ப்புச் செல்கள் உதிராமல் தேங்கி, நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் பெருத்துவிடும், சொந்த உடம்பையே தாக்கும் நோயும் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. உதிர்வை அடைத்தால் செல் சும்மா இருந்துவிடாது. காஸ்பேஸ்-8 இல்லாத எலிக்கரு வயிற்றிலேயே இறந்துவிடும், ஏனென்றால் காஸ்பேஸ்-8-தான் ரிப்-கே3 என்ற இன்னொரு புரதத்தையும் அடக்கி வைத்திருக்கிறது, அடக்குகிற ஆள் போனால் செல் ஊதி வெடித்துச் சாகிற வழிக்குப் போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்து நீக்கினால் எலி பிறந்து வளர்கிறது. மூளையில் ரத்தம் தடைப்படும்போதோ மாரடைப்பின்போதோ சாக வேண்டாத செல்களும் சாகின்றன என்பது உண்மை, அங்கே கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தடுக்க முடியுமா என்று தேடுவது நியாயமான தேடல்தான். ஆயுள் முழுக்கத் தடுப்பது வேறு விஷயம்.

வைரஸ் புகுந்த செல் உதிர்ந்துவிட்டால் வைரஸும் போய்விடாதா?
– ஒரு வாசகி

அதற்குத்தான் செல் அவசரப்படுகிறது, வைரஸும் அது தெரிந்தே வருகிறது. அடினோவைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ் இரண்டும் பிசிஎல்-2 மாதிரியே வேலை செய்யும் புரதத்தைக் கையோடு கொண்டுவருகின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் இ6 புரதம் பி53-ஐயே அழிக்கச் செய்துவிடும். அப்போது நம் நோய் எதிர்ப்புப் படையின் கொல்லி டி-செல்கள் வெளியிலிருந்து துளை போட்டு கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தி, காஸ்பேஸ்களை நேராகவே எழுப்பிவிடுகின்றன.

வெயிலில் வெந்த தோல் உரிவதும் இதுதானா?
– பெயர் எழுதாத கடிதம்

பெரும்பகுதி இதுதான். புற ஊதாக் கதிரால் டிஎன்ஏ சிதைந்த தோல் செல்கள் பி53 வழியாக உதிர்கின்றன.

உதிரத் தொடங்கிய செல் மனம் மாறித் திரும்பி வர முடியுமா?
– அதே கல்லூரி மாணவரின் தோழி என்று கையெழுத்திட்டவர்

சைட்டோகுரோம் சி வெளியே வந்து காஸ்பேஸ்-3 எழுந்துவிட்டால் அவ்வளவுதான், திரும்ப வழியில்லை என்றுதான் நானும் படித்தேன், பலருக்கு அப்படியே சொல்லியும் கொடுத்தேன். 2012-ல் டெனிஸ் மாண்டெலின் ஆய்வுக்குழு அதைச் சோதித்துப் பார்த்தது. ஆய்வகச் செல்களை நச்சுப்பொருளில் வைத்து, அவை சுருங்கி, காஸ்பேஸ் எழுந்து, சவ்வு குமிழ் குமிழாகப் புடைக்கிற வரைக்கும் விட்டார்கள். அப்புறம் நச்சைக் கழுவி எடுத்துவிட்டு நல்ல திரவத்தை ஊற்றினார்கள். அவற்றில் பல செல்கள் மெல்ல விரிந்து, பழைய வடிவத்துக்கு வந்து, மறுபடி இரண்டாகப் பிரிந்து பெருகவும் தொடங்கின. இதற்கு அனாஸ்டாசிஸ் என்று கிரேக்கத்திலேயே பெயர் வைத்தார்கள், உயிர்த்தெழுதல் என்று பொருள்.

இதயச் செல்லும் நரம்புச் செல்லும் இப்படித் திரும்பி வருமானால் நல்லதுதான். ஆனால் திரும்பி வந்த செல்களில் சிலவற்றின் டிஎன்ஏ-வில் வெட்டுப்பட்ட தழும்புகள் இருந்தன, அவற்றில் கொஞ்சம் புற்றுச் செல்லின் குணத்தோடு வளர ஆரம்பித்தன. மருந்தை நிறுத்திய இடைவெளியில் புற்றுச் செல்களும் இதே வழியில் எழுந்துவிடுகின்றனவா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.